தினமும் காலையில் பேக்கன் சாப்பிடலாமா?

கேள்வி: காட்பாடியில் இருக்கிறோம். வெளிநாட்டில் படித்துத் திரும்பிய மகன் தினமும் காலையில் மூன்று துண்டு பேக்கன், பிரெட் என்று கேட்கிறான். "புரதம்தானே அம்மா" என்கிறான். நான் வறுத்தால் கருகிவிடுகிறது. வடியும் கொழுப்பைத் தாளிக்க எடுத்து வைக்கலாமா? பி.பி. மாத்திரை போடும் என் கணவரும் சாப்பிடலாமா?

பதில்: தினமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள், இரண்டு துண்டு என்றால் நல்ல உடல்நிலையில் இருக்கும் இளைஞருக்கு நான் தடை சொல்ல மாட்டேன்.

பேக்கன் என்பது பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பும் சோடியம் நைட்ரைட்டும் சேர்த்துப் பதப்படுத்தியது. நம் வீட்டில் கருவாட்டை எப்படி வைத்திருக்கிறோமோ அப்படித்தான் இதையும் வைக்க வேண்டும். குழம்புக்கு வாசனை தர இரண்டு துண்டு போடுவோமே தவிர, தட்டு நிறைய வைத்துச் சாப்பிட மாட்டோம் அல்லவா?

புரதக் கணக்கையும் பார்த்துவிடலாம். வறுத்த மூன்று துண்டில் சுமார் 9 கிராம் புரதம் கிடைக்கும். இரண்டு முட்டையில் 12 கிராம். ஆனால் அந்த மூன்று துண்டோடு ஒரு கிராமுக்கு மேல் உப்பும் உள்ளே போகிறது. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குள் உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், அப்பளம், சாம்பார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பிராண்டுக்குப் பிராண்டு அளவு மாறும். பாக்கெட்டில் உள்ள சோடியம் அளவை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும்.

இன்னொரு காரணம் புற்றுநோய். பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-ல் அறிவித்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடுகிறது. நூறு பேரில் 18 பேருக்கு வரும் என்று இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். ஒருவருக்கு ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பில்தான் அந்த அளவு கூடுகிறது. ஆனாலும் தினசரிப் பழக்கத்தைக் கைவிட இதுவே போதுமான காரணம். 'நைட்ரைட் சேர்க்காதது' என்று செலரி என்ற கீரைத்தண்டின் சாறு சேர்த்து விற்பதை நம்பி அதிகம் வாங்காதீர்கள். அதிலிருந்தும் நைட்ரைட்தான் வருகிறது.

சரி, சமையலுக்கு வருவோம். கருகுவதற்குக் காரணம் நீங்கள் கல்லைக் காயவைத்துப் போடுவதாக இருக்கலாம். சூடேறாத தோசைக்கல்லில் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, இரண்டு மூன்று கரண்டி தண்ணீர் விட்டு, அப்புறம் அடுப்பைச் சிறு தீயில் பற்ற வையுங்கள். எண்ணெய் வேண்டாம். தண்ணீர் வற்றுவதற்குள் கொழுப்பு உருகிவிடும், அதிலேயே பொரியும். திருப்பித் திருப்பிப் போட்டு, பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள். கடும் சூட்டில் நைட்ரைட்டிலிருந்து நைட்ரோசமைன் என்ற கெடுதலான பொருள் உருவாகும். அதனால் கருகிய ஓரத்தை வெட்டி எறியுங்கள். அதற்காக அரைவேக்காட்டிலும் எடுக்கக் கூடாது. சரியாக வேகாத பன்றிக்கறியால் நாடாப்புழு வரும். குடலில் அந்தப் புழு உள்ளவரின் கழிவிலிருந்து முட்டைகள் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து பிறர் வயிற்றுக்குள் போனால், அவற்றிலிருந்து வரும் இளம்புழு மூளை வரை சென்று வலிப்பை உண்டாக்கும். நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் நோய் இது.

வீட்டில் எல்லோருக்கும் ருசி வேண்டுமென்றால் இப்படிச் செய்து பாருங்கள். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காயை முதலில் ஆவியில் பாதி வேகவிடுங்கள். பச்சையாகப் போட்டால் கொழுப்பையெல்லாம் அதுவே குடித்துவிடும். இரண்டு துண்டு பேக்கனைப் பொடியாக நறுக்கி மேலே சொன்னபடி உருக்கி, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகுத்தூள் சேர்த்து வதக்கிக் கத்திரிக்காயைப் போட்டுப் புரட்டுங்கள். உப்பு போடாமல் இறக்கி, ருசி பார்த்த பிறகு தேவைப்பட்டால் மட்டும் சேருங்கள். நான்கு பேருக்குப் போதும். கோஸ், பீன்ஸிலும் இதே முறைதான்.

வடிந்த கொழுப்பில் ஒரு டீஸ்பூன் அன்றைய தாளிப்புக்கு எண்ணெய்க்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதில் பத்தில் நான்கு பங்கு இதயத்துக்கு நல்லதல்லாத நிறைவுற்ற கொழுப்பு, எனவே டப்பாவில் சேர்த்து வைத்து நாள்தோறும் ஊற்றாதீர்கள். மீதியை ஆறவிட்டு, உறைந்ததும் குப்பையில் போடுங்கள். தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும்.

உங்கள் கணவருக்குப் பேக்கனே வேண்டாம். அவருக்கு முட்டையும் பச்சைப்பயறும் போதும். காய்கறியில் போட்ட ஒன்றிரண்டு துணுக்கு வாயில் பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் ஆம்பூர் பிரியாணியும் ஊறுகாயும் சாப்பிடும் நாளில் அதுவும் கூடாது. சிறுநீரகக் கோளாறும் இருந்தால் அவருடைய மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள்.

நம் ஊர் சித்திரை வெயிலில் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் பாக்கெட் இளகிவிடும். ஐஸ் வைத்த பையில் கொண்டுவாருங்கள். இரண்டிரண்டு துண்டாகப் பிரித்து ஃப்ரீஸரில் வைத்து ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வேண்டியதை முந்தைய இரவே கீழ்த்தட்டில் எடுத்து வைத்தால் காலையில் தயாராக இருக்கும்.