ஐந்து நிமிடம் முன்னால் ஓடும் எதிராளி பஸ்: சட்டம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது?

கேள்வி: சாட்ஸ்வொர்த்திலிருந்து டர்பன் நகர மையத்துக்கு இரண்டு பஸ்கள் ஓட்டுகிறேன், அப்பா காலத்துத் தடம். காலையில் அரை மணிக்கு ஒன்று என்பது என் கணக்கு. ஆறு மாதமாக, நிறைய பஸ்கள் வைத்திருக்கும் ஒரு கம்பெனி என் நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தன் வண்டியை எடுக்கிறது. நான் 20 ராண்ட் வாங்கும் தூரத்துக்கு அவர்கள் 14 ராண்ட் வாங்குகிறார்கள். இதே தடத்தில் ஓடும் வேறு இரண்டு முதலாளிகள், "எல்லாரும் உட்கார்ந்து ஒரே கட்டணம் பேசி, நேரத்தையும் பிரித்துக்கொள்வோம், வாருங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா? அந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: அந்தப் பேச்சுக்குப் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஓடும் பஸ்ஸைவிட அந்தக் கூட்டமே உங்களுக்கு ஆபத்தானது. தென்னாப்பிரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், ஒரே தொழிலில் போட்டியிடுவோர் தங்களுக்குள் கட்டணத்தை நிர்ணயிப்பதையும், வாடிக்கையாளரையோ பகுதியையோ பங்குபோட்டுக்கொள்வதையும் அடியோடு தடை செய்கிறது. "நாங்கள் சிறியவர்கள், பெரியவனிடமிருந்து தப்பிக்கத்தான் பேசினோம்" என்ற நியாயம் அங்கே எடுபடாது. முதல் தவறுக்கே ஆண்டு வருமானத்தில் 10 விழுக்காடு வரை அபராதம் விதிக்கலாம். 2016 மே மாதம் முதல், இத்தகைய உடன்பாட்டுக்குத் துணைபோகும் கம்பெனி இயக்குநருக்குப் பத்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கவும் வழி இருக்கிறது. சிறு தொழில்கள் போட்டியில் நிற்பதற்கு ஒரு கூட்டு ஏற்பாடு உண்மையிலேயே தேவை என்றால், அதற்கான விலக்கை, அந்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் போட்டி ஆணையத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

கட்டணக் குறைப்பை எதிர்த்து வழக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். போடலாம், வெல்வது கடினம். விலையை அடிமட்டத்துக்கு இறக்கிப் போட்டியாளரை விரட்டுவதை அந்தச் சட்டம் தடுக்கிறது, ஆனால் ஆதிக்க நிலையில் இருக்கும் நிறுவனத்துக்கு மட்டும். சந்தையில் 45 விழுக்காடும் அதற்கு மேலும் பங்கு இருந்தால் ஆதிக்கம் என்றே கொள்ளப்படும். 35-க்குக் கீழே இருந்தால், சந்தையை ஆட்டிப்படைக்கும் வலிமை அதற்கு உண்டு என்று தனியாக நிரூபிக்க வேண்டும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதல் நாளே சொல்லப்போவது, இந்தத் தடத்தின் சந்தையில் மினிபஸ் டாக்சிகளும் சேரும் என்பதுதான். 1988-இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் பெருகிய அந்தப் பதினாறு இருக்கை வண்டிகளைக் கணக்கில் சேர்த்துவிட்டால், உங்கள் எதிராளியின் பங்கு சிறுத்துப்போய்விடும். அதையும் கடந்தால், அவருடைய 14 ராண்ட் கட்டணம் டீசல், டயர், டிரைவர் கூலி போன்ற மாறும் செலவுகளுக்கும் கீழே இருக்கிறது என்று காட்ட வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகமோ அவர் மேசையில் இருக்கிறது. வெல்காம் நகரில் ஒரு சிறு உள்ளூர்ப் பத்திரிகை 2009-இல் களத்தைவிட்டு வெளியேறியதை ஒட்டி எழுந்த வழக்கில், விலையை இறக்கி அதை விரட்டியதாகப் பெரிய பதிப்பு நிறுவனத்தின் மேல் போட்டித் தீர்ப்பாயம் குற்றம் கண்டது. மேல்முறையீட்டில் அது மாறியது. கடைசியில் 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றத்திலும் போட்டி ஆணையம் தோற்றது. பத்தாண்டு வழக்கு நடத்த இரண்டு பஸ் முதலாளிக்குத் தெம்பு ஏது?

உண்மையில் உங்களைத் தின்பது கட்டணம் அல்ல, அந்த ஐந்து நிமிடம். கணக்கைப் பாருங்கள். நிறுத்தங்களில் அரை மணி நேரத்தில் அறுபது பேர் சீராக வந்து சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னால் வருகிறவர், இருபத்தைந்து நிமிடத்தில் சேர்ந்த ஐம்பது பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார். உங்களுக்கு மிஞ்சுவது பத்துப் பேர். அவர் நாளைக்கே கட்டணத்தை 20 ராண்டுக்கு ஏற்றினாலும், நீங்கள் 12 ராண்டுக்கு இறக்கினாலும், காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் வரும் வண்டியில்தான் ஏறுவார்கள். ஆகவே கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்காமல் நேரத்தைப் பிடியுங்கள்.

அதற்கான இடம் 2009-ஆம் ஆண்டின் தேசியத் தரைப் போக்குவரத்துச் சட்டம். நாம் வழக்கமாகப் பெர்மிட் என்று சொல்லும் இயக்க உரிமம் வண்டிவாரியாகத் தரப்படுகிறது. எந்தத் தடம் என்பதும், நேர அட்டவணைப்படி ஓடும் சேவையானால் அந்த அட்டவணையும் உரிமத்தோடு கட்டுப்பட்டவை. எதிராளியின் பஸ் வேறு தடத்துக்கு வாங்கிய உரிமத்தில் ஓடுகிறதா, தனக்குரிய நேரத்தைவிட்டு உங்கள் நேரத்துக்கு நகர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டில் ஒன்று உறுதியானால் அது குற்றம். வண்டியைப் பிடித்துவைக்கவும் அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. புகார் போக வேண்டிய இடம் குவாசுலு-நட்டால் மாகாண ஒழுங்குமுறை அமைப்பு. நகல் ஒன்று டர்பன் அடங்கிய எத்தெக்வினி மாநகராட்சியின் போக்குவரத்துப் பிரிவுக்கு. அவர் அரசு மானிய ஒப்பந்தத்தில் ஓடுகிறவர் என்றால் ஒப்பந்தம் கொடுத்த அலுவலகத்துக்கும் எழுதுங்கள். பணம் கொடுக்கும் இடத்தில் விழும் புகாருக்குக் கூர்மை அதிகம். கூடுதல் வண்டிக்கு அவர் புதிதாக விண்ணப்பித்தால் அது பொது அறிவிப்பாக வரும்; குறித்த நாளுக்குள் ஆட்சேபம் எழுப்பலாம், முடிவு பாதகமானால் மேல்முறையீட்டுக்கும் தீர்ப்பாயம் இருக்கிறது. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பஸ் உரிமம் வழங்கிய வாரியங்களில், இந்திய வம்சாவளி பஸ் முதலாளிகளான நம் முன்னோரின் விண்ணப்பங்களுக்கு எதிராகத்தான் ஆட்சேபங்கள் குவிந்தன. அந்த ஆயுதம் இன்று உங்கள் கையிலும் இருக்கிறது.

ஆட்சேபமோ புகாரோ, எழுத்தில் ஆதாரம் இல்லாமல் நிற்காது. நான் பார்த்தவற்றில் மிக வலுவான ஆதாரம், ஒரு கண்டக்டர் அன்றாடம் எழுதிவந்த பள்ளிக்கூட நோட்டு: தேதி, நிறுத்தம், முன்னால் வந்த பஸ்ஸின் எண், மணி, நிமிடம், தன் வண்டியில் ஏறியவர் எண்ணிக்கை. ஆறு வாரம் விடாமல் எழுதச் சொல்லுங்கள். கைப்பேசிப் படமும் சேர்ந்தால் நல்லது. அதுவரை உங்கள் டிரைவர் அவரை முந்தப் போட்டி போட்டு ஓட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி ஓட்டி ஒரு விபத்து நேர்ந்தால் புகார்தாரர் நிலையிலிருந்து குற்றவாளிக் கூண்டுக்குப் போய்விடுவீர்கள்.

புகாரை அனுப்புவதற்கு முன் உங்கள் இரண்டு வண்டிகளின் உரிமங்களையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். இயக்க உரிமத்துக்கு அதிகபட்ச ஆயுள் ஏழு ஆண்டு. அப்பா பெயரிலேயே இன்னும் இருக்கிறதா, காலாவதி ஆகிவிட்டதா, நீங்கள் இன்று நிற்கும் நிறுத்தங்களெல்லாம் அதில் அடங்குகின்றனவா என்று பாருங்கள். விசாரணைக்கு வருகிற அதிகாரி முதலில் கேட்பது எதிராளியின் காகிதத்தை அல்ல, உங்களுடையதை.