தனிநபர்கள் பியர்-டு-பியர் கடன்களில் (வங்கி இல்லாமல், இணையத் தளம் வழியாக ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்கும் கடன்) முதலீடு செய்யலாமா?

செய்யலாம், ஆனால் வங்கி வைப்புத்தொகை மாதிரி நினைத்துவிடாதீர்கள். தளம் வெறும் இடைத்தரகர்தான். கடன் வாங்கியவர் கட்டாவிட்டால் நட்டம் உங்களுடையது. வைப்புக் காப்பீடு கிடையாது.

விளம்பரத்தில் காட்டும் வட்டி அப்படியே கைக்கு வராது. 100 பேருக்குச் சமமாகப் பிரித்து, 12% வட்டிக்கு ஓராண்டுக் கடன் கொடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அதில் 6 பேர் எதையுமே திருப்பித் தராவிட்டால் மிஞ்சுவது சுமார் 5.3%. தளத்தின் கட்டணமும் வரியும் அதிலிருந்துதான் போகவேண்டும். மொத்தத்தையும் ஒரே ஆளுக்குக் கொடுத்து அவர் கைவிரித்திருந்தால்? பிரித்துப் போடுவது கட்டாயம் என்பேன்.

அவசரத்துக்குப் பணத்தை வெளியே எடுப்பதும் சிரமம். தளமே விலகிக்கொள்ளலாம்: 2005இல் பிரிட்டனில் இதைத் தொடங்கிவைத்த ஸோபா (Zopa) என்ற தளம்கூட 2021இல் இந்தச் சேவையை மூடிவிட்டது. முதலீட்டாளர்களின் கடன்களை அதுவே வாங்கிக்கொண்டது, நல்லவேளை. எல்லாத் தளங்களிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.