ரீட்வெல்ட் சீராக்கத்தில் வெப்ப அளவுரு எதிர்மமாக வருவது ஏன்?

ரீட்வெல்ட் சீராக்கம் என்பது, பவுடர் எக்ஸ்-கதிர் வரைபடத்தோடு பொருந்தும்வரை படிக அமைப்பின் எண்களைத் திருத்திக்கொண்டே போகும் கணக்கு. அதில் வெப்ப அளவுரு, அதாவது பி மதிப்பு, மைனஸில் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அணு தன் இடத்திலிருந்து விலகும் தூரத்தின் சராசரி வர்க்கத்தைக் குறிப்பது அது. வர்க்கம் மைனஸில் வராது. அப்படியானால் வேறு ஏதோ பிழையை அந்த எண் சுமக்கிறது.

முதலில் பாருங்கள்: எல்லா அணுக்களுக்கும் மைனஸா, ஒன்றுக்கு மட்டுமா? எல்லாவற்றுக்கும் என்றால், உயர்கோணச் செறிவுகள் (கதிர் அதிகம் விலகிச் சிதறும் பக்கத்துச் சிகரங்களின் பலம்) தாழ்கோணத்தோடு ஒப்பிட அளவுக்கு மிஞ்சித் தெரிகின்றன. மாதிரியின் மேற்பரப்பு கரடாக இருக்கலாம். தாழ்கோணத்தில் கற்றை மாதிரியைத் தாண்டிச் சிந்தலாம். மாதிரி தந்துகிக் குழாயில் (மெல்லிய குழாய்) இருந்தால் உட்கவர்தல் திருத்தம், அதாவது மாதிரியே விழுங்கும் கதிருக்கான திருத்தம், விடுபட்டிருக்கலாம். நான் அதிகம் சந்தேகப்படுவது பின்னணியை, அதாவது சிகரங்களுக்கு அடியில் ஓடும் அடிமட்டச் செறிவைத்தான். 100 டிகிரிக்கு மேல் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நெருங்கிக் கிடக்கும் சிகரங்களுக்கு அடியில் பின்னணிக் கோடு தாழ்ந்து கிடந்தால், அந்த மிச்சமெல்லாம் சிகரக் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஒரே அணுவுக்கு மட்டும் என்றால், அங்கே நீங்கள் வைத்ததைவிட எலக்ட்ரான் அதிகமுள்ள தனிமம் இருக்கக்கூடும். நிரப்பு விகிதத்தையும் (அந்த இடத்தில் எத்தனை பங்கு அணு நிரம்பியிருக்கிறது என்ற எண்) பி-யையும் ஒரே நேரத்தில் கணக்கில் மாற விடாதீர்கள், இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். கனமான உலோகத்தின் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால், ஆக்சிஜன்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பி கொடுத்துவிடுங்கள். எக்ஸ்-கதிருக்கு அவை மங்கலாகத்தான் தெரியும். அப்புறம், மைனஸை மறைக்க பி-யைப் பூஜ்யத்தில் பூட்டி வைக்காதீர்கள்.