10% வட்டியா, 16% வட்டியா: எந்தக் கடன் மலிவு?

கேள்வி: 1 லட்சம் கடன் வாங்கி 3 ஆண்டுகளில் மாதத் தவணையாக அடைக்க நினைக்கிறேன். ஓரிடத்தில் 10% ஃபிளாட் வட்டி, வேறு கட்டணம் இல்லை. இன்னோரிடத்தில் 16% ரெட்யூசிங் பேலன்ஸ் வட்டி. 3% பிராசசிங் கட்டணத்தைக் கடன் தொகையிலேயே பிடித்துக்கொள்வார்களாம். 10% கடனையே வாங்கிவிடலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் 10 என்ற எண்ணைப் பார்த்து அல்ல. அந்தக் கடனின் உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வருகிறது.

ஃபிளாட் முறையில் முழு 1,00,000-க்கும் 3 ஆண்டு வட்டியை முதலிலேயே போட்டுவிடுவார்கள்: 30,000. மொத்தம் 1,30,000, 36-ஆல் வகுத்தால் தவணை 3,611. கடைசி மாதத்தில் உங்களிடம் மிச்சமிருக்கும் அசல் சில ஆயிரம்தான். அப்போதும் முழு லட்சத்துக்கான வட்டியே தவணையில் இருக்கும்.

ரெட்யூசிங் முறையில் ஒவ்வொரு மாதமும் நிலுவைக்கு மட்டுமே வட்டி. மாத வட்டி 16 ÷ 12 = 1.3333%. 1-உடன் இதைக் கூட்டி வரும் 1.013333-ஐ 36 முறை தன்னாலேயே பெருக்கினால் 1.611, 1-ஐ அதனால் வகுத்தால் 0.62075, அதை 1-இலிருந்து கழித்தால் 0.37925. முதல் மாத வட்டியான 1,333.33-ஐ இதனால் வகுக்கத் தவணை 3,516 கிடைக்கும். முதல் மாதம் அதில் வட்டி 1,333, அசல் 2,183, நிலுவை 97,817. அடுத்த மாத வட்டி 1,304-ஆகக் குறைகிறது. மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்து வட்டி சுமார் 26,565.

இதுவரை 16% கடன்தான் மலிவு. கட்டணத்தைச் சேர்த்தால் கணக்கு புரண்டுவிடுகிறது.

ஃபிளாட் வட்டியை ரெட்யூசிங் வட்டியாக மாற்ற எக்செல்லில் ‘ரேட்’ (RATE) சார்பு போதும்: மாதங்கள் 36, பிறகு மைனஸ் குறியுடன் தவணை 3,611, பிறகு கடன் 1,00,000. விடை 1.493%, 12-ஆல் பெருக்கினால் 17.92%. மைனஸ் விட்டுப்போனால் பிழைச் செய்திதான் வரும். 12-ஆல் பெருக்க மறந்தால், கடன் ஏதோ இலவசம் போலத் தெரியும்! (ஃபிளாட் வட்டியை இரட்டிப்பாக்கிப் பார்க்கும் வழக்கம் மனக்கணக்குக்குச் சரி, ஆனால் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். தொடக்கத் தவணைகளில் அசல் மெதுவாகத்தான் கழிகிறது என்பதே காரணம்.)

இரண்டாவது கடனில் கைக்கு வருவது 97,000 மட்டுமே. அதே சார்பில் தவணையாக 3,516-ஐயும், கடனாக 97,000-ஐயும் போடுங்கள்: ஆண்டுக்கு சுமார் 18.2%. இங்கே பலர் சறுக்குவார்கள். வட்டி 26,565, கட்டணம் 3,000, ஆக 29,565; 30,000-ஐவிடக் குறைவுதானே என்று. ஆனால் அந்தச் செலவு 97,000-ஐப் பயன்படுத்தியதற்கு. கையில் முழு லட்சம் வர வேண்டுமானால் 1,03,093 கடன் எடுக்க வேண்டும்; தவணை 3,624 ஆகிவிடும். முதல் கடனைவிட மாதம் 13 கூடுதல்.

வித்தியாசம் இவ்வளவு சிறியது என்பதால், இடையில் கடனை முடிக்கும் வாய்ப்பு உண்டா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கும். ஓராண்டு கழித்து முடித்தால் 16% கடனில் நிலுவை சுமார் 71,800. அபராதக் கட்டணம் இருந்தால் அது தனி. ஃபிளாட் கடனில் மீதி வட்டியைத் தள்ளுபடி செய்யாவிட்டால் 24 தவணைகளையும், அதாவது 86,667-ஐ, அப்படியே கேட்பார்கள். அப்படியென்றால் அதை எடுக்காதீர்கள். இரு இடங்களிலும் 12-வது மாதம் முடித்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 36 மாதமும் கட்டப்போவது உறுதி என்றால், ஃபிளாட் கடனே இங்கு மயிரிழை மலிவு. இரண்டாவது இடத்தில் பேரம் பேசிக் கட்டணத்தை 2% ஆக்கினால் அதன் வட்டி 17.45%-க்கு இறங்கும், அப்போது அதையே எடுங்கள்.