நோயாளி அழக்கூடாதா?

அன்புள்ள ஐயா,

என் தங்கை மார்பகப் புற்றுநோய்க்காக பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் கீமோ சிகிச்சை எடுத்து வருகிறாள். ‘மகிழ்ச்சியாக இருந்தால் புற்றணுக்கள் செத்துவிடும்’ என்னும் காணொளிகள் எங்கள் குடும்பப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நாள்தோறும் வருகின்றன. அவள் கண்கலங்கினாலே, “நீ அழுவதால்தான் நோய் குறையவில்லை” என்று பெரியம்மா கண்டிக்கிறார். மகிழ்ச்சி நோயைப் போக்கும் என்பது உண்மையா?

வாசகர், பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பருக்கு,

மகிழ்ச்சிக்கும் உடலுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் உங்கள் பெரியம்மா நினைக்கும் தொடர்பு அன்று.

அச்சத்தின்போது அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. உளவியலாளர்கள் பார்பரா பிரெட்ரிக்சனும் ராபர்ட் லெவன்சனும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அச்சமூட்டும் படக்காட்சி ஒன்றைப் பார்த்தவர்களுக்கு அடுத்ததாக வெவ்வேறு காட்சிகளைக் காட்டியபோது, வேடிக்கையான அல்லது மனநிறைவு தரும் காட்சியைக் கண்டவர்களின் இதயமும் இரத்தக் குழாய்களும் மற்றவர்களைவிட விரைவாகப் பழைய நிலைக்குத் திரும்பின.

இதைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஷெல்டன் கோஹன் குழுவினர் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வு. நலமாக இருந்த 334 பேரின் அன்றாட மனநிலையை முதலில் கேட்டறிந்து, பிறகு அவர்கள் மூக்கில் சளிக்கிருமிகளைச் சொட்டுகளாக விட்டு, தனியே தங்கவைத்துக் கவனித்தார்கள். இயல்பாகவே உற்சாகமும் அமைதியும் உடையவர்களுக்குச் சளி குறைவாகவே பிடித்தது. ஆனால் சோகமும் கோபமும் மிகுந்தவர்களுக்கு அதனால் சளி கூடுதலாகப் பிடித்துவிடவில்லை. தங்கள் உபாதைகளைத்தான் அவர்கள் கூடுதலாகச் சொன்னார்கள். புலனத்தில் சுற்றும் காணொளிகளில் இந்தப் பாதியை நான் பார்த்ததே இல்லை.

சளி வேறு, புற்றுநோய் வேறு. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய் உடைய ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து ஜேம்ஸ் கோய்ன் குழுவினர் 2007இல் வெளியிட்ட முடிவு, நோயாளியின் மனநிலைக்கும் அவர் உயிர்வாழும் காலத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பதே. பிரிட்டனில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2015இல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வும் கவனிக்கத்தக்கது: மகிழ்ச்சியற்றவர்களிடையே இறப்பு அதிகமாகத் தெரிந்தாலும், அவர்களுக்கு முன்பே இருந்த நோய்களையும் புகைப்பழக்கம் போன்றவற்றையும் கணக்கில் கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. நோய்தான் மனத்தை வாட்டியிருக்கிறது. நாம் அதைத் தலைகீழாகப் படித்துக்கொள்கிறோம்.

ஆகவே, தங்கையின் நோய்க்கு அவருடைய கண்ணீரைக் காரணமாக்குவது அறிவியலும் அன்று, அன்பும் அன்று. கீமோவின் குமட்டலோடு மல்லுக்கட்டுபவரிடம் சிரித்த முகத்தையும் கேட்பது, அவர் சுமக்கும் சுமையின் மேல் இன்னொன்றை ஏற்றுவதாகும். பெரியம்மாவையும் கடிந்துகொள்ளாதீர்கள், கையறு நிலையில் அவருக்குச் செய்வதற்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. சிகிச்சை நாளில் உடன் பாலம் கடந்து வரவும், தங்கையின் வாய்க்கு ஒத்துவரும் கஞ்சியைக் காய்ச்சித் தரவும் அவரிடம் சொல்லுங்கள். தங்கைக்குப் பிடித்த பாட்டும் பேச்சும் வீட்டில் இருக்கட்டும். அவை கட்டிகளைக் கரைக்க வேண்டியதில்லை, அன்றைய பொழுதை எளிதாக்கினாலே போதும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், உறக்கம் கெட்டு, யாரோடும் பேசாமல் அவர் ஒடுங்கியிருந்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். புற்றுநோய் மருத்துவரிடமே அதைச் சொல்லுங்கள். அதற்கும் மருந்தும் உளவள ஆலோசனையும் உண்டு.