நாடகத் தாளில் 38, அதற்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

போன சனிக்கிழமை ஓர் அம்மா, மகளையும் தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்திருந்தார். மகள் அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம், இரண்டாம் ஆண்டு. நாடகத் தாளில் 38. இரண்டு மதிப்பெண்ணில் அரியர் விழுந்துவிட்டது. தாய்மாமன் முடிவோடுதான் வந்திருந்தார்: "இதை நிறுத்திட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ்ல மேனேஜ்மென்ட் சீட் வாங்கிடலாம் சார். அக்கா நகையை வெச்சா முதல் வருஷம் கட்டிடலாம்."

அம்மாவின் கண் கலங்கியது. ஓர் அரியரால் ஒன்றும் ஆகிவிடாது என்று ஆறுதல் சொல்லத்தான் வாயெடுத்தேன். நகை என்ற சொல்லைக் கேட்டதும் அதை விட்டுவிட்டேன்.

அம்மா, அங்கே சொன்னதையே எழுத்திலும் சொல்கிறேன். நகையை வைக்காதீர்கள். அது முதல் வருஷத்துக்குத்தான் வரும். மீதி மூன்று வருஷத்துக்கும் விடுதிக்கும் வட்டிக்கும் யார் கட்டுவது என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன், பதில் வரவில்லை. பிளஸ் டூ கணக்கை உங்கள் பெண் அழுதுகொண்டே முடித்ததாக நீங்களே சொன்னீர்கள். அவளைத் திரும்பவும் கணக்கிலேயே கொண்டுபோய் உட்காரவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் நான்கு வருஷத்தைக் கொடுக்க முடியாது.

சரி, 38 ஏன் வந்தது? தேர்வில் கேட்ட கேள்வி, ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் வரும் லேடி பிராக்னெல்லின் குணச்சித்திரம். எப்படி எழுதினாள் என்று சொல்லச் சொன்னேன். நான்கு பக்கம் கதையைத்தான் எழுதியிருக்கிறாள். திருத்துகிறவருக்குக் கதை தெரியும். அந்தப் பெண்மணி மேடையில் என்ன செய்கிறாள், அதைப் பார்த்து நாம் ஏன் சிரிக்கிறோம் என்பதற்குத்தான் மதிப்பெண்.

முதல் அங்கத்தை எடுத்துப் பாருங்கள். தன் மகளைக் கட்டிக்கொள்ள விரும்பும் ஜாக்கை அவள் விசாரிக்கிறாள். கையில் நோட்டும் பென்சிலும். அவள் உட்கார்ந்திருக்கிறாள், அவன் நிற்கிறான். முதல் கேள்வி, புகைபிடிப்பாயா? ஆமாம் என்றதும், ஆணுக்கு ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும் என்று சந்தோஷப்படுகிறாள். அப்புறம் வருமானம், நிலம், லண்டனில் வீடு. வீடு தெருவின் எந்தப் பக்கம் என்பதுகூட அவளுக்கு முக்கியம். விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் கண்டெடுக்கப்பட்ட குழந்தை அவன் என்று தெரிந்ததும் சம்பந்தம் முறிகிறது. மூன்றாம் அங்கத்தில், தன் சகோதரி மகன் கட்டிக்கொள்ள விரும்பும் செசிலியைப் பற்றி இளப்பமாகப் பேசிவிட்டுக் கிளம்பப் போனவள், அந்தப் பெண் பெயரில் 1,30,000 பவுண்டு இருக்கிறது என்று கேட்டதும் உட்கார்ந்துவிடுகிறாள். பெண்ணின் அழகு அப்போதுதான் கண்ணில் படுகிறது.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு உங்கள் பெண் சிரித்தாள். "பொண்ணு பார்க்க வர்றவங்க மாதிரியே இருக்கு சார்." அந்த ஒரு வரிதான் விடை. அங்கதம், அதாவது இந்தக் கேலி, அந்த ஒருத்தியைக் குறிவைக்கவில்லை, கல்யாணத்தைக் கணக்குப் பார்க்கும் 1895-ஆம் ஆண்டு லண்டன் மேல்தட்டைக் குறிவைக்கிறது. இதைத் தானாகப் பிடிக்கிற பெண்ணை எதற்காக வேறு படிப்புக்கு மாற்றுவது?

பி.எட்., வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். ஆங்கிலம் எடுத்தவர்கள் வீட்டில் யாரும் பேசாத ஒன்று, கல்லூரியில் பாடம் நடத்துவதற்கான தேசியத் தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட். எம்.ஏ. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். ஆங்கிலப் பாடத்திட்டத்தின் முதல் அலகே நாடகம். இன்று இடறிய இடம்தான் அங்கே முதலில் வருகிறது, அதனால் இப்போதே அதைச் சரியாகப் படித்துவிடுவது நல்லது. நெட் தேறினால் உதவிப் பேராசிரியர் வேலைக்குத் தகுதி. அதிலேயே மேலே வந்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி செய்ய முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப் படி தனி. இதற்கு 30 வயது வரம்பு, பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. எளிதில்லை, ஆண்டுக்கணக்கில் படிக்க வேண்டும். ஆனால் அந்தப் படிப்புக்கு அடகுக் கடை தேவையில்லை.

அரியருக்குக் கட்டணம் கட்டிவிடுங்கள். அடுத்த சனிக்கிழமை மகளை மட்டும் அனுப்புங்கள். கோல்ட்ஸ்மித்தின் 1773 நாடகம் 'ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்' அவளுக்குப் பாடம். அதில் மார்லோ என்ற இளைஞன், கேட் என்ற பெண் சீமாட்டியாக வரும்போது முகத்தை நிமிர்ந்து பார்க்கவே கூசுகிறான். அவளையே விடுதிப் பணிப்பெண் என்று நினைத்ததும் துணிந்து கையைப் பிடிக்கப் போகிறான். ஒரே பெண்ணிடம் ஏன் இரண்டு விதம் என்று இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வரட்டும். கதைச் சுருக்கம் ஒரு வரிகூட வேண்டாம்.