அமெரிக்காவில் ஆவணமின்றி வாழ்வோர் எத்தனை பேர்? கேள்வி பதில்

கேள்வி: சார், ஆவணமில்லாதவர்களை எப்படி எண்ணுகிறார்கள்? கேட்டால் யார் சொல்வார்கள்?

பதில்: கேட்பதே இல்லை, கழித்துப் பார்க்கிறார்கள். சென்சஸ் பீரோவின் வருடாந்தரக் கணக்கெடுப்பில் எங்கே பிறந்தீர்கள், எப்போது வந்தீர்கள் என்ற கேள்விகள் உண்டு. விசா பற்றி எதுவும் கிடையாது. அதில் வரும் வெளிநாட்டில் பிறந்தோர் தொகையிலிருந்து, சட்டப்படி இருப்போரைக் கழிப்பார்கள். இறந்தவர்களையும் ஊர் திரும்பியவர்களையும் சரிக்கட்டி, கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்காகக் கொஞ்சம் கூட்டுவார்கள். 1980 சென்சஸில் இடம்பெற்றவர்களில் சுமார் 20 லட்சம் பேர் ஆவணமில்லாதவர்கள் என்று மக்கள்தொகை ஆய்வாளர்கள் ராபர்ட் வாரனும் ஜெஃப்ரி பாஸலும் 1987-இல் காட்டியது இப்படித்தான்.

கேள்வி: 2.2 கோடி என்று ஒரு யேல் பல்கலைக்கழக ஆய்வு வந்ததே?

பதில்: 2018-இல் வந்தது. நான் ஏற்கவில்லை. உள்ளே வந்தவர்களைக் கூட்டி, வெளியேறியவர்களைக் கழித்துக்கொண்டே வரும் முறை அது. 1990-களில் மெக்சிகோக்காரர்கள் ஏராளமானோர் வேலைக்கு வந்து ஊருக்குத் திரும்பியபடி இருந்தார்கள். திரும்பியவர்களைக் குறைத்து மதிப்பிட்டால், அந்தப் பிழை வருடாவருடம் சேர்ந்து பெருகும். இன்னொன்றையும் யோசியுங்கள்: மற்ற மதிப்பீடுகளைவிடக் கூடுதலாக ஒரு கோடிப் பேர், அதுவும் பெரும்பாலும் இளவயதினர், இருந்தால் அவர்களுக்குக் குழந்தைகள் பிறந்திருக்குமே! பிறப்புப் பதிவில் தாய் பிறந்த நாடும் எழுதப்படுகிறது. அப்படியொரு கூட்டம் அங்கே தென்படவில்லை. மெக்சிகோ சென்சஸிலும் அத்தனை பேர் குறையவில்லை.

கேள்வி: இந்தியர்கள்?

பதில்: 2022-க்கு பியூ ஆய்வு மையம் சொன்னது 7.25 லட்சம், உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை சொன்னது 2.2 லட்சம். எச்-1பி வேலை விசா, மாணவர் விசா என்று சட்டப்படி இருப்பவர்களே இந்தியர்களில் மிக அதிகம். பெரிய தொகையைக் கழிக்கும்போது அதில் சிறு பிசகு நேர்ந்தாலும் மிச்சம் தலைகீழாகிவிடும். இதில் ஒரு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வாதாடாதீர்கள்.

கேள்வி: 2023-இல் 1.4 கோடி என்கிறார்களே, அத்தனை பேரையும் திருப்பி அனுப்ப முடியுமா?

பதில்: அந்த பியூ கணக்கில் 60 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்தவர்கள், நாடுகடத்தலிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பு பெற்றவர்கள் போன்றோர். பெயரும் முகவரியும் அரசிடமே இருக்கின்றன. அப்போது பலரிடம் வேலை அனுமதியும் இருந்தது. எல்லோரையும் ஒரே எண்ணில் அடைத்துக் கொள்கை வகுப்பது அநியாயம்.

கேள்வி: சென்சஸிலேயே குடியுரிமையைக் கேட்டுவிட்டால் என்ன?

பதில்: 2020 சென்சஸில் சேர்க்கப் பார்த்தார்கள். அரசு சொன்ன காரணம் நம்பும்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தடுத்துவிட்டது. பிரதிநிதிகள் சபை இடங்கள் குடிமக்களை மட்டுமல்ல, வசிப்போர் எல்லோரையும் எண்ணியே மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுகின்றன. குடியுரிமைக் கேள்விக்குப் பயந்து பலர் படிவத்தை நிரப்பாமல் விட்டால் அந்த ஊரின் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வரும் நிதி குறையும். பக்கத்து வீட்டுக் குடிமகனும் சேர்ந்தே இழப்பான்.